வேகவைத்த வீடு

வில்லியனூர், பாகூர் பக்கம் மனை வாங்கி வீடு கட்டக் கிளம்புகிற இளைஞர்கள் எல்லோரிடமும் ஒரு பொது அம்சம் கவனித்திருக்கிறேன். கையில் லோன் பேப்பர், செல்போனில் ஒரு 'எலிவேஷன்' படம். படத்தில் இருப்பது துபாயில் யாரோ கட்டியது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, பக்கவாட்டில் சிவப்பாக ஒரு பட்டை, எதையும் தாங்காமல் சும்மா நிற்கிற இரண்டு தூண். இதைக் கொண்டுபோய் மேஸ்திரியிடம் காட்டுவார்கள். மேஸ்திரி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அதுக்கின்னா சார், பண்ணிடலாம்" என்பார். எந்த மேஸ்திரியும் எதையும் 'முடியாது' என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

வீடு முடிகிறது. கிரகப்பிரவேசம், பாயசம், மொய் எல்லாம் ஆகிறது. அப்புறம் சித்திரை பிறக்கிறது. மேற்கு பார்த்த கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வந்து குடித்தனம் பண்ண ஆரம்பிக்கிறது. மொட்டை மாடி கான்கிரீட் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி பூரா சாவகாசமாகத் திருப்பித் தருகிறது. ஒரு ஏ.சி. வாங்குகிறார்கள். அதற்கும் இ.எம்.ஐ. ஆக, நம் ஆள் சூரியனை உள்ளே விட ஒரு தவணை, வெளியே அனுப்ப ஒரு தவணை என்று மாதம் இரண்டு தவணை கட்டுகிறார்.

வேறு வழி இல்லையா என்றால், உண்டு. புதுச்சேரியிலேயே நடந்திருக்கிறது. வீட்டைக் கட்டி முடித்து, உள்ளே தீ வைத்து மூன்று நான்கு நாள் எரிக்கிற வழி.

பதறாதீர்கள். இன்ஷ்யூரன்ஸ் சமாசாரம் இல்லை.

ரே மீக்கர் என்ற அமெரிக்கர், டெபோரா ஸ்மித்துடன் சேர்ந்து 1971-ல் புதுச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி' என்ற மண்பாண்டக் கூடத்தை ஆரம்பித்தார். புதுச்சேரி பீங்கானுக்கு இன்றைக்கு இருக்கிற பெயருக்கு முக்கியமான காரணம் இந்த இடம்தான். மீக்கர் கட்டடக்கலையும் படித்தவர், மண்பாண்டமும் படித்தவர். இரண்டும் தெரிந்தவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பச்சைச் செங்கல்லைச் சூளையில் அடுக்கிச் சுடுகிறோம். பிறகு லாரியில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோய் வீடு கட்டுகிறோம். வீட்டையே சூளையாக்கிவிட்டால் என்ன?

ஈரானில் நாதர் கலீலி என்ற கட்டடக் கலைஞர் ஏற்கெனவே மண் வீடுகளைச் சுட்டுப் பார்த்திருந்தார். மீக்கர் 1985-ல் இங்கே ஆரம்பித்தார். பச்சை மண் கல்லை மண் சாந்திலேயே வைத்து, கூரையையும் அதே கல்லால் வளைவாகவோ கூம்பாகவோ எழுப்புவது. கூரைக்குக் கம்பி கிடையாது. கட்டி முடித்ததும் உள்ளே சுடாத செங்கல், ஓடு, சட்டி பானை என்று அடுக்கி, கதவு ஜன்னல் இடத்தை அடைத்து, நெருப்பு மூட்டுவது. தீ அணைந்து ஆறியதும் அடுக்கிய சாமானை வெளியே எடுத்தால் அது விற்பனைக்கு ரெடி. வீடும் வெந்து ரெடி.

இதில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. சாதாரணச் சூளையில் எரிகிற சூட்டில் சுமார் 40 சதவிகிதத்தைச் சூளையின் சுவரே விழுங்கிவிடும், அது தண்டம். இங்கே சூளையின் சுவர்தான் வீடு. தண்டமாகப் போகிற அந்த 40 சதவிகிதம் வீட்டைச் சுட்டுக் கொடுத்துவிடுகிறது. உள்ளே வெந்த ஓட்டையும் செங்கல்லையும் விற்றால் விறகுச் செலவில் பெரும்பங்கு தேறிவிடும். கட்டுகிறபோதே சம்பாதித்துக் கொடுக்கிற வீட்டைப் பற்றி எந்த பாங்க் மானேஜரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

இந்த முறையை எடுத்துப் பெரிதாகச் செய்து காட்டியவர் அனுபமா குந்து. 1990-ல் ஆரோவில்லில் சின்னதாக ஆபீஸ் போட்டுத் தொழில் ஆரம்பித்த கட்டடக் கலைஞர். அங்கே 2000-ல் அவர் கட்டி முடித்த 'வால் ஹவுஸ்' வீட்டை, 2012-ல் வெனிஸ் கண்காட்சியில் அதே அளவில் இன்னொரு முறை கட்டிக் காட்டினார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது அதுவல்ல. 2008-ஐ ஒட்டி, 'வொலோந்தாரியா' என்ற புதுச்சேரி தொண்டு நிறுவனத்துக்காக, வீடில்லாத பிள்ளைகள் தங்க அவர் கட்டிய வீடுகள். மீக்கர் முறையில் மண்ணால் கட்டிச் சுட்டவை. ஜன்னல் வைக்கிற இடத்துக்குப் பழைய சைக்கிள் சக்கரத்தைச் சாரமாக வைத்தார்கள். பிறகு அந்தச் சக்கரமே ஜன்னல் கிரில் ஆகிவிட்டது. குளியலறைச் சுவரில் காலி பாட்டில்கள் செங்கல் வேலை பார்க்கின்றன. கூரை உச்சியில் வெளிச்சத்துக்கு விட்ட ஓட்டையை மூட டீக்கடைக் கண்ணாடி கிளாஸ். புதுச்சேரியில் காலி பாட்டிலுக்குப் பஞ்சமே இல்லை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதெல்லாம் வெறும் கலைக் கிறுக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். வீட்டுச் செலவில் இரண்டு பங்கு உண்டு. பொருளுக்குக் கொடுக்கிற காசு, ஆளுக்குக் கொடுக்கிற காசு. வில்லியனூரில் ஒரு மேஸ்திரியிடம் இதைப் பற்றிப் பேசினேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "சிமிட்டிக்கும் கம்பிக்கும் நீங்க குடுக்கற துட்டு அதே லாரியில திரும்பிப் பூடும் சார். எனக்குக் குடுக்கறது மட்டும்தான் சாயங்காலம் இங்கியே மளிகைக் கடைக்கு வரும்." பொருளாதாரத்தில் இதற்கு நீளமாகப் பெயர் வைத்திருப்பார்கள். எனக்கு மளிகைக் கடையே போதும். மண் வீட்டில் பொருள் செலவு குறைவு, கைவேலை அதிகம். அதனால் துட்டு ஊரிலேயே சுற்றுகிறது.

லாரி பேக்கரும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். 1917-ல் பர்மிங்ஹாமில் பிறந்து, 2007-ல் திருவனந்தபுரத்தில் இறந்த அந்த வெள்ளைக்காரர், கேரளத்தில் ஏழைகளுக்கும் நடுத்தர வர்க்கத்துக்கும் சிக்கனமாக வீடு கட்டிக் கொடுத்தே பேர் வாங்கியவர். காந்தியைச் சந்தித்தவர். வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றளவில் கிடைப்பதாக இருக்கவேண்டும் என்ற காந்தியின் யோசனையைக் கடைசிவரை பிடித்துக்கொண்டவர்.

ஐந்து மைல் என்றால் எட்டு கிலோமீட்டர். வில்லியனூரிலிருந்து ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். சங்கராபரணி ஆறு, களிமண், மண்ணைக் கையில் எடுத்தால் உருவம் கொடுக்கத் தெரிந்த குடும்பங்கள். வில்லியனூர் சுடுமண் பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கொஞ்சம் தள்ளி அரிக்கமேடு. அங்கே 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த காலத்துச் செங்கல் கட்டடங்கள் வெளியே வந்தன. ஆக, இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மண்ணைச் சுடுவது இரண்டாயிரம் வருஷத்துப் பழக்கம். இருந்தும் மண்ணில் பொம்மை செய்தால் பத்மஸ்ரீ, மண்ணில் வீடு கட்டினால் "பாவம், கஷ்டப்படுற குடும்பம் போல" என்கிறோம். பெண் பார்க்க வருகிறவர்கள் காபியைக் குடிப்பதற்கு முன்னால் சுவரைத் தட்டிப் பார்க்கிற ஊர் நம்முடையது.

சரி, மழை வந்தால்? நியாயமான கேள்வி. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையைக் கடந்தது. அந்த நடுவில் இருப்பது பாகூர். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி 'ஃபெஞ்சல்' வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 செ.மீ. மழை. அப்படிப்பட்ட ஊரில் சுடாத மண் சுவரை மொட்டையாக நிறுத்தினால் கரைந்துதான் போகும். மண்ணுக்கு எதிரி இரண்டே இரண்டு. கீழேயிருந்து ஏறுகிற ஈரம், மேலேயிருந்து அடிக்கிற சாரல். நம் பாட்டன்களுக்கு இது தெரியும். அதனால்தான் உயரமான திண்ணை வைத்து, கூரையைத் தாழ்வாக இறக்கி, தாழ்வாரம் விட்டார்கள். நாம் திண்ணையை இடித்து ஷட்டர் போட்டோம், தாழ்வாரத்தை வெட்டி எலிவேஷன் வைத்தோம்.

சுட்ட வீட்டையும் தலையில் தூக்கிவைத்து ஆட நான் தயாரில்லை. அதற்கு நல்ல களிமண் வேண்டும், நெருப்பின் குணம் தெரிந்த ஆள் வேண்டும், விறகு வேண்டும், மழை இல்லாத நாள் வேண்டும். நாற்பது வருஷம் ஆகியும் அது பரவலாகவில்லை. ஆனால் அந்த மாதிரி சின்ன ஆபீஸ்கள் போட்ட பாதையில் நாமும் நடக்கக்கூடிய படிகள் சில உண்டு.

முதல் படி, அழுத்திய மண் கல். ஆரோவில்லில் 1989-ல் தொடங்கிய மண் கட்டடக்கலை நிலையம் இதில் கில்லாடி. மண்ணில் சுமார் 5 சதவிகிதம் சிமெண்ட் கலந்து, கையால் இயக்குகிற மெஷினில் அழுத்தி, நாலு வாரம் பதப்படுத்தினால் கல் ரெடி. சூளையே வேண்டாம். இதில் பாகூருக்கு ஒரு விசேஷம் உண்டு. பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். செங்கல் சூளை கேட்பது பெரும்பாலும் வயலின் மேல்மண்ணை. நெல்லுக்கு உயிரே அந்த மேல்மண்தான். அழுத்திய கல்லுக்கு மேல்மண் ஆகாது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு அடிமண்ணை எடுக்கவேண்டும். தோண்டிய பள்ளத்தை மழைநீர்த் தொட்டியாக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, பேக்கரின் 'ராட் டிராப் பாண்ட்'. செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிற்கவைத்துக் கட்டினால் சுவருக்கு நடுவே பொந்து விழும். செங்கல் சுமார் 25 சதவிகிதம் மிச்சம். நடுவில் இருக்கிற காற்று வெயிலைத் தடுக்கும், அதற்கு கரண்ட் பில் கிடையாது. மூன்றாவது, 'ஃபில்லர் ஸ்லாப்'. தளம் போடும்போது அடிப்பக்கத்தில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அங்கே பழைய ஓட்டைப் பதித்துவிட்டால் கான்கிரீட் குறையும், சூடும் குறையும்.

நாலாவதுதான் ரொம்ப முக்கியம். அதற்குக் காசே ஆகாது. குடியிருக்கப்போகிறவர்களைக் கேட்பது. எகிப்தில் ஹசன் ஃபாத்தி என்ற மேதை 1940-களில் குர்னா கிராம மக்களுக்காக அற்புதமான மண் வீடுகளைக் கட்டினார். உலகமே வந்து பார்த்தது, குர்னாக்காரர்களில் பெரும்பாலோர் குடிவரவில்லை. பழைய ஊரில் கல்லறைகளின் மேலேயே அவர்கள் பிழைப்பு இருந்தது. அதை விட்டுவிட்டு வர அவர்களுக்கு இஷ்டமில்லை. இடம்பெயர்க்க முடிவு செய்த அரசாங்கம் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நம் வீட்டிலும் அதே கதைதான். பிளான் போடும்போது அப்பா, மச்சான், மேஸ்திரி, வாஸ்து ஜோசியர் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். தினம் ஆறு மணி நேரம் அந்தச் சமையலறையில் நிற்கப்போகிற அம்மா இவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருப்பாள். ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று அவளை ஒரு வார்த்தை கேளுங்கள். பாதி ஆர்க்கிடெக்சர் அங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு, ஊர் எல்லையில் அய்யனார் கோயில் மண் குதிரையைப் போய்ப் பாருங்கள். அதே களிமண், அதே நெருப்பு. தானேவையும் பார்த்துவிட்டு ஃபெஞ்சலையும் பார்த்துவிட்டு, ஏ.சி. இல்லாமல், இ.எம்.ஐ. இல்லாமல், கம்பீரமாக நிற்கிறது.