ஆவன செய்க

ஒரு மொழியின் சொற்களை அறிதல் வேறு. அம்மொழியின் தொடர்களைக் கையாளுதல் வேறு. சொல்லின் பொருளை அகராதி உரைக்கும். தொடரின் பொருளோ அது பயின்றுவரும் வாக்கியத்தினின்றே உணரற்பாலது. கைத்தறிச் சேலைக்கும் சுங்குடிக்கும் பேர்பெற்ற சின்னாளப்பட்டியின் தறிக்காரர் இதனை எளிதில் ஒப்புவர். சிட்டத்திற் கிடக்கும் சாயநூலின் அழகு, அது பாவாகவும் ஊடையாகவும் அமைந்த பின்னரன்றோ முற்றும் விளங்கும்!

இதற்குச் சான்றாக ‘டூ தி நீட்புல்’ என்னும் ஆங்கிலத்தொடரை ஈண்டு எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு அலுவலகக் கடிதங்களின் இறுதியில் இது பெரிதும் காணப்படும். தமிழ்க் கடிதங்களில் ‘ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்’ என வருவது இதற்கு இணையாம்.

‘நீட்புல்’ என்பது ‘வேண்டப்படுகின்ற’ என்னும் பொருளுடைய பெயரடை. ‘தி’ என்னும் சார்புச்சொல் அதன்முன் சேர்ந்தவழி அது பெயர்த்தன்மை எய்தும். ‘பூர்’ என்பது ‘தி பூர்’ என்றாகி ஏழை மக்களைக் குறிப்பதும் இம்முறையே. தமிழிலோ துணைச்சொல் வேண்டுவதில்லை. ‘ஆவன’ என்பது ஆதல் என்னும் வினையடியாகப் பிறந்த பலவின்பால் வினையாலணையும் பெயர். ஒரு சொல்லே முழுப்பொருளையும் தாங்கி நிற்கின்றது. ‘நீட்புல்’ என்னும் சொல் கிறிஸ்தவ மாணவர்க்குப் புதிதுமன்று. 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில், லூக்கா 10ஆம் அதிகாரத்து மார்த்தாள் மரியாள் வரலாற்றில் அது வருகின்றது.

இத்தொடர் இந்தியர் புனைந்த பிழைத்தொடர் என்று நகைப்பார் ஒருசாரார். அஃது உண்மையன்று. முற்காலத்தில் ஆங்கிலேயரே தம் கடிதங்களில் இதனை வழங்கினர். அவர்தம் ஆட்சியோடு இது நம் அலுவலகங்களிற் புகுந்தது. இற்றைநாளில் இங்கிலாந்தில் இது அருகிப் பழந்தொடராயிற்று, இந்தியாவிலோ நிலைபெற்றுவிட்டது. ஆதலின் வெளிநாட்டார்க்கு எழுதுங்கால் இதனை விலக்குதல் நன்று. எனினும், இதன்பொருட்டு நாம் நாணுதற்கு யாதுமில்லை.

நாம் அஞ்சத்தக்க குறை பிறிதொன்று. நெசவாளர் ஒருவர் கூட்டுறவுச் சங்கத்திற்கு எழுதுகின்றார் எனக் கொள்வோம். ‘சென்ற மாதம் நெய்து ஒப்படைத்த 12 சேலைகளுக்குரிய கூலி இன்னும் வரவில்லை, ஆவன செய்க’ என்று அவர் எழுதின், அத்தொடர் முன்வந்த செய்தியைச் சுட்டி நிற்கின்றது, செய்யவேண்டுவது கூலி தருதலே எனப் படிப்பவர் ஐயமின்றி அறிவர். ‘யான் மிகவும் இடர்ப்படுகின்றேன், ஆவன செய்க’ என்று மட்டும் எழுதின், அவர் கேட்டது கூலியோ, நூலோ, கடனோ, எவர் அறிவார்? விண்ணப்பம் மேசைக்கு மேசை நகரும். வீட்டில் அடுப்பு எரியாது. இனி, அதற்கு விடையாக ‘ஆவன செய்யப்படும்’ என்று வருமாயின், எது செய்யப்படும், எந்நாளிற் செய்யப்படும் என்று வினவுதற்கும் இடமில்லை. கேட்டவர் ஒன்றுங் கேட்கவில்லை. தந்தவர் ஒன்றுந் தரவில்லை.

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தால் தமிழ் இம்மாநிலத்தின் ஆட்சிமொழியாயிற்று. மொழி மாறியும் கடிதத்தின் மங்கல் மாறாதாயின் பயன் என்னை?

ஆதலின், தொடர்களைப் பட்டியலாக மனப்பாடஞ் செய்யும் வழக்கத்தை நாம் கைவிடல் வேண்டும். ஒரு தொடரைக் கற்கப் புகுவார், அது வரும் வாக்கியங்கள் மூன்றையேனும் தேடிக் குறித்துக்கொள்க. எழுதினவர் யார், பெற்றவர் யார், அதற்கு முன்வந்த செய்தி யாது என்னும் மூன்றையும் ஆராய்க. பின்னர்த் தாமே ஒரு வாக்கியம் அமைத்து, அத்தொடரை நீக்கிப் படித்துப் பார்க்க. நீக்கியும் பொருள் குறையாதாயின் அஃது அவ்விடத்திற்கு வேண்டாதது. அத்தொடரையன்றி வேறு செய்தியே இல்லையாயின், அக்கடிதம் இன்னும் எழுதப்படவேயில்லை என்று துணிக.

கல்லூரிப் படியேறாத பெற்றோரும் அயலாரும் விண்ணப்பம் எழுதித் தருமாறு நம்மையன்றோ நாடி வருகின்றனர்? அவர்தம் தேவை இன்னதென்று கேட்டறிந்து, தொகையும் நாளும் பொருளும் விளங்க எழுதித் தருதலே நாம் அவர்க்குச் செய்யத்தக்க ஆவன.