கூவுவதுதான் வியாபாரமா?

கொழும்புக்கு வந்து சேர்ந்த விவசாயக் குடும்பங்களிடம், "சிறு வியாபாரம் ஒன்று தொடங்கலாமே" என்றால், "கூவி விற்க எங்களால் ஏலாது" என்பார்கள். 1990இல் வலிகாமம் வடக்கில் செம்மண் காணியை விட்டு வந்தவருக்கு அந்தக் கூச்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் கூவுவதுதான் வியாபாரம் என்று யார் சொன்னது?

வெள்ளவத்தையில் கறுத்தக்கொழும்பான் தேடி வருபவர் அநேகமாக நம் ஊரவர், பழம் தெரிந்தவர். "இது இன்றைக்கு வேண்டாம், நாளை மறுநாள் வெட்டுங்கோ" என்று உண்மை சொல்பவரிடம் அவர் திரும்பவும் வருவார். அந்த அறிவு நம்மிடம் ஏற்கெனவே உண்டு. கொட்டாஞ்சேனை வேறு மாதிரி. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு வருவோரில் சிங்களவரும் பலர். விலையையும் நிறையையும் சிங்களத்தில் சொல்லப் பழகவேண்டும். ஒரு மாதம் போதும்.

நிறை என்றதும் ஒன்று. யாழ்ப்பாணச் சந்தைகளில் 100 கிலோவுக்கு 10 கிலோ 'கழிவு' என்று வியாபாரிகள் வெட்டியபோது நாம் எவ்வளவு கொதித்தோம்! இப்போது தராசு நம் கையில்.

பெரிய ஆபத்து வேறு என்பது என் எண்ணம். போகத்துக்கு ஒருமுறை காசு கண்ட கைக்கு, தினமும் காசு புரள்வது புதிது. மாலையில் பெட்டியில் கிடப்பதெல்லாம் இலாபமல்ல. நாளைக்குச் சரக்கு எடுக்கவேண்டிய முதலும் அதற்குள்தான். அதைப் பிரித்து வைக்காமல் செலவழிப்பவர் விதை வெங்காயத்தைக் கறிக்கு வெட்டியவர். வீட்டுச் செலவுக்கு வேறொரு பேணி வையுங்கள். அது மனைவியின் பொறுப்பில் இருக்கட்டும்.