பழி யார் தலையில்?

வைப்பின் படகுத்துறையிலும், கலூர் மைதானத்திலிருந்து திரும்பும் பேருந்துகளிலும், நம் தமிழ்க் குடும்பங்களின் வாசல்களிலும் ஓயாமல் நடந்துவரும் வழக்கு ஒன்று உண்டு. கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்துக் கோஷ்டி வீழ்ந்ததற்குப் பயிற்சியாளர் காரணமா, அல்லரா என்பதே அது. நமக்கு வந்த கடிதங்களும் இரு கட்சியாகவே நிற்கின்றன. ஆதலின் இம்மாதம் நம் அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றி எழுதிவிடுகிறோம்.

பயிற்சியாளரைக் குறைகூறுவோர் பக்கம் நியாயமே இல்லையென்று தள்ளிவிட முடியாது. ஸ்வீடன் தேசத்தவரான மிகேல் ஸ்டாரே 2024 டிசம்பர் 16ஆம் தேதி நீக்கப்பட்டார். அதுவரை லீகில் ஆடிய 12 ஆட்டங்களில் வெற்றி 3, சமன் 2, தோல்வி 7. ஆகப் புள்ளிகள் 11. எஞ்சிய 12 ஆட்டங்களில், பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்களைக் கொண்டு, 18 புள்ளிகள் கிடைத்தன. கேரளத்தவரான புருஷோத்தமன் இடைக்காலப் பொறுப்பேற்றதும் நடந்த முதல் ஆட்டத்திலேயே முகமதன் கோஷ்டியை 3–0 என்று வென்றார்கள். முற்காலக் கணக்கும் இதையே சொல்லும். 2015இல் எட்டுக் கோஷ்டிகளுள் கடைசியாக நின்ற இவர்கள், மறு ஆண்டு ஸ்டீவ் கோப்பல் வந்ததும் இறுதி ஆட்டம் வரை சென்றார்கள். 2020–21இல் பதினொன்றில் பத்தாமிடம்; அடுத்த பருவம் இவான் வுகமானவிச் வந்து மீண்டும் இறுதி ஆட்டத்துக்கு அழைத்துச் சென்றார். மலையாள ரசிகர்கள் அவரை ‘ஆசான்’ என்றே அழைத்தனர். நமக்கும் உரிய சொல்தான்.

ஆயினும் கணக்கை முழுவதும் பார்க்கவேண்டும். புதியவர் வந்த பின்னும் 2024–25 பருவத்தை முடித்தது பதின்மூன்றில் எட்டாவதாகவே. முதல் ஆறு இடங்களுக்குள் வரவில்லை. 2014 முதல் 2021 தொடக்கம் வரை ஒரு பயிற்சியாளரும் ஒரே மூச்சில் ஓராண்டுக்கு மேல் அப்பதவியில் இருந்ததில்லை. ஆண்டுதோறும் புதிய மேலதிகாரி வந்தால், பழைய கோப்புகளைப் படித்து முடிக்குமுன் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிடும் என்பதை ரயில்வே ஊழியராகிய நாம் நன்கறிவோம். மூன்று பருவம் இருந்த ஆசானோ மூன்று முறையும் முதல் ஆறு இடங்களுக்குள் கொணர்ந்தார்.

அவர் 2024 ஏப்ரலில் விலகினார். அந்தப் பருவத்தில் 13 கோல் அடித்து முதல்வராக நின்ற கிரேக்க வீரர் டயமன்டகோஸ், அதே கோடையில் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். நடுக்களத்தில் ஆடிய ஜீக்சன் சிங்கும் அங்கேயே போனார். இவ்விருவரையும் ஸ்டாரேயா அனுப்பினார்? நம் கரையில் சீனவலை இழுப்போரைக் காணாதவர் எவருமில்லை. நாலைந்து பேர் ஒத்துக் கயிறு பிடித்தால்தான் வலை எழும். வலை கிழிந்திருக்கையில், முன்னின்று குரல் கொடுப்பவனை மாற்றி மீன் கிடைத்துவிடுமா?

மஞ்ஞப்பட என்னும் ரசிகர் சங்கத்தார் இதை உணர்ந்திருந்தார்கள். 2024 டிசம்பரில் அவர்கள் டிக்கெட் விற்பனையில் பங்குகொள்ள மாட்டோம் என்று அறிவித்தது நிர்வாகத்தை நோக்கியே. வேலை இழந்தவர் பயிற்சியாளர்!

பயிற்சியாளரின் அருமை தெரியவேண்டுமானால் ஹைதராபாத் ரஹீமை நினைக்கவேண்டும். 1951 டில்லி ஆசியப் போட்டியில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாமிடம், 1960 ரோம், 1962 ஜகார்த்தாவில் மீண்டும் தங்கம் – நான்கிலும் இந்தியாவின் பயிற்சியாளர் அவரே. ரோமில் அவரிடம் ஆடிப் பெரு நாட்டுக்கெதிராகக் கோல் அடித்த சைமன் சுந்தரராஜ் பின்னர் தாமே பயிற்சியாளரானார். 1973இல் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில் கேரளம் முதன்முறை சந்தோஷ் கோப்பையை வென்றது அவர் பயிற்சியில்தான். காப்டன் மணி மூன்று கோல் அடித்தார், கணக்கு 3–2. தோற்றது ரயில்வே கோஷ்டி. ஆகையால் அலுவலகத்தில் இக்கதையை நாம் உரக்கச் சொல்வதில்லை. ஒருவரை நம்பி, காலமும் கொடுத்தால் அவர் கற்பித்தது அடுத்தவர் கைக்கும் போய்ச்சேரும்.

நம் அன்னையரில் ஒருவர், “அந்த டிசம்பரில் டிக்கெட் வாங்கமாட்டேன் என்ற மகனைத் தகப்பனார் கடிந்தார், யார் சொல் சரி?” என்று கேட்டிருக்கிறார். மகன் சொல்லே சரி. ஒரு வீட்டிலிருந்து மூவர் போய்வந்தால் கூலிக்காரர் ஒருவரின் ஒருநாள் சம்பளம் கரைந்துவிடும். அப்பணத்துக்குக் கணக்குக் கேட்க அவனுக்கு உரிமை உண்டு. இனி ஒவ்வொரு பருவமும் தொடங்குமுன், புதிய பயிற்சியாளர் யாரென்று விசாரிப்பதை விட்டு, சென்ற பருவத்து முன்னணி ஆட்டக்காரர்களுள் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்று அவன் எண்ணிப் பார்க்கட்டும். எண்ணிக்கை குறைவாயிருந்தால், தகப்பனும் மகனும் படகேறிக் கோட்டைக் கொச்சிப் பரேடு மைதானத்தில் பிள்ளைகள் ஆடுவதைக் காணலாம். அங்கே டிக்கெட் இல்லை.