டிக்கிக்கு அடியில் ஸ்டெப்னி

அர்ஜுனா நதியின் குறுக்கே அணை நிற்கும் ஆனைக்குட்டம் சிவகாசிக்குப் பக்கத்து ஊர். தீபாவளி நெருங்கினால் பட்டாசு வாங்க வரும் வெளியூர் கார்கள் இந்த வட்டாரச் சாலைகளில் பெருகிவிடும். ரயிலில் பட்டாசு கொண்டுபோவது 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். பிடிபட்டால் மூன்றாண்டு வரை சிறை. ஆகவே காரில் வருகிறார்கள், டிக்கி கொள்ளாமல் பெட்டி ஏற்றுகிறார்கள். அந்தச் சரக்கைக் குடும்பத்தோடு ஒரே வண்டியில் ஏற்றுவது சரியா என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

இங்கிருந்து சென்னைக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். கிளம்பும் முன் கண்ணாடியைத் துடைத்து, டேஷ்போர்டு பிள்ளையாருக்குப் பூ வைப்பார்கள். டயரை யார் பார்க்கிறார்கள்? அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3520 என்றால் 2020-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் தயாரானது. காற்று குறைந்த டயர் ஓட ஓட நசுங்கி நிமிர்ந்து சூடேறும். பாரமும் வெயிலும் சேர்ந்தால் வெடிக்கும். முழுப் பாரத்துக்கு எவ்வளவு காற்று என்பது பெரும்பாலும் டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. டயர் சூடாகும் முன் அளக்க வேண்டும்.

ஸ்டெப்னியோ பட்டாசுப் பெட்டிகளுக்கு அடியில். பஞ்சரானால் நாற்கர சாலை ஓரத்தில் அத்தனையையும் இறக்கி வைக்க வேண்டும். இறக்கிய பிறகுதான் அதிலும் காற்றில்லை என்பது தெரியவரும்!

வைப்பரையும் மறக்கிறார்கள். கோடை முழுக்கக் காய்ந்து விறைத்த ரப்பர், ஆனைக்குட்டம் அணைக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஐப்பசி மழையில் கண்ணாடியைத் துடைக்காது, மெழுகும்.