அயல்நாட்டுப் படிப்பும் பூட்டி வைத்த பணமும்

நம் வாசகியருள் ஒரு தாய் நெடிய கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது. மூத்த மகள் பொறியியல் பட்டம் பெற்றுவிட்டாள். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக் கழகம் ஒன்று மேற்படிப்புக்கு இடம் தந்துவிட்டது. கல்விக் கட்டணம் இல்லை. விசாவுக்காகக் கணக்கில் காட்ட வேண்டிய பணந்தான் இல்லை. இடையில் புகுந்த முகவர் ஒருவர், "பணத்தை நாங்களே கட்டிவிடுகிறோம், மகள் அங்கே போய்ச் சேர்ந்தபின் மாதந்தோறும் எங்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டால் போதும், வட்டிக்கு ஈடாக வீட்டுப் பத்திரத்தைக் கொடுங்கள்" என்கிறாராம். கணவர் இசைந்துவிட்டார், இவருக்கு மனம் ஒப்பவில்லை. "நான் தடுத்தால் மகளின் வாழ்வைக் கெடுத்த பழி என்மேல் விழுமோ?" என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரி, உங்கள் மனம் ஒப்பாததே சரி. காரணத்தைச் சொல்கிறோம், உங்கள் கணவரும் வாசிக்கட்டும்.

ஜெர்மனிக்குச் செல்ல இருவகை விசா உண்டு. சுற்றுலாவுக்கும் உறவினரைக் காண்பதற்கும் தரப்படுவது 90 நாட்களுக்கு உட்பட்டது. ஆண்டுக்கணக்கில் தங்கிப் படிப்பதற்குரியது நெடுங்கால விசா. அதன் கட்டணம் 75 யூரோ. குறுகிய விசாவில் போய் இறங்கி, அங்கேயே மாணவர் விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். நம் நாட்டவர்க்கு அந்த வழி இல்லை.

இந்த நெடுங்கால விசாவுக்கு விண்ணப்பிப்பவர், முதல் ஓராண்டு பிழைப்பதற்குத் தம்மிடம் பொருள் உண்டு என்று மெய்ப்பிக்க வேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. யூரோ ஒன்று நூறு ரூபாயை ஒட்டி நிற்கும்போது அது ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். மாணவியின் பெயரிலேயே திறக்கப்படும் ஒரு பூட்டிய கணக்கில் இதைச் செலுத்துவர். அவள் அங்கே சென்று சேர்ந்தபின் மாதம் 992 யூரோ வீதமே வெளிவரும். விசா மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதத்தைக் காட்டிக் கட்டணம் போக மீதியைத் திரும்பப் பெறலாம்.

இந்த 992 என்னும் எண் மனம்போனபடி வைத்ததன்று. அந்நாட்டு மாணவர்க்கு அரசு அளிக்கும் உதவித்தொகையின் உச்ச அளவை ஒட்டியது அது. அதாவது, ஒரு மாணவர் சிக்கனமாக உண்டு, உறங்கி, படிக்க இவ்வளவு வேண்டும் என்று அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கே போட்ட கணக்கு. மாணவர் மருத்துவக் காப்புறுதிக்கே மாதம் 140 யூரோவை ஒட்டிச் செலவாகும். மியூனிக் போன்ற நகரமானால் அறை வாடகை எஞ்சியதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே அந்தக் கணக்கில் கிடப்பது அதிகாரிக்குக் காட்டும் பணமன்று. உங்கள் மகள் ஓராண்டு உண்ண வேண்டிய சோறு. முகவர் கேட்பது அந்தச் சோற்றை.

"அவள் பகுதி நேர வேலை பார்த்துச் சமாளிப்பாள்" என்று அவர் சொல்லியிருப்பார். 2024 மார்ச் முதல் மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை செய்யச் சட்டம் இடந்தருகிறது. ஏட்டில் கணக்குப் போட்டால் அதைக் கொண்டு ஓராண்டுச் செலவை ஈட்டிவிடலாம் என்றுகூடத் தோன்றும். ஆனால் ஜெர்மன் மொழி பேசத் தெரியாத பெண்ணுக்கு முதல் திங்களிலேயே வேலை கிடைப்பது அரிது. கிடைத்தாலும், வாடகைக்காக இரவில் பாத்திரம் கழுவுபவள் காலையில் எந்தப் பாடத்தைக் கேட்பாள்? இன்னொன்றையும் முகவர் சொல்லியிருக்க மாட்டார். தங்குரிமைச் சீட்டைப் புதுப்பிக்கும்போது மீண்டும் பொருள்வசதியைக் காட்ட வேண்டும். முதலாண்டுப் பணம் முகவருக்குப் போய்விட்டால், அன்று அவள் எதைக் காட்டுவாள்? பொய்யான விவரம் தந்து பெற்ற அனுமதியைப் பிற்பாடு நீக்கவும் அந்நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு.

அப்படியானால் நேர்வழி என்ன? கடனே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வங்கியில் பெறும் கல்விக் கடனைக் கொண்டு அந்தக் கணக்கை நிரப்பலாம். அதுவும் கடன்தான், பெருந்தொகையானால் ஈடும் கேட்பார்கள். ஆனால் அந்தப் பணத்தை மகள் செலவழிக்கலாம்; திருப்பிச் செலுத்துவது படிப்பு முடிந்த பிறகு. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை அதுவே. உதவித்தொகை பெற்றவருக்கும், ஜெர்மனியிலேயே வாழும் உறவினர் ஒருவர் செலவை ஏற்பதாக அங்குள்ள அலுவலகத்தில் முறைப்படி உறுதிமொழி எழுதித் தந்தால் அவருக்கும் பூட்டிய கணக்கு தேவைப்படாது. இவற்றுள் எதுவும் இவ்வாண்டு கைகூடாவிட்டால், பொறுத்திருந்து மீண்டும் விண்ணப்பிப்பதே நலம். கிடைத்த இடத்தை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்க எல்லாப் பல்கலைக் கழகங்களும் இசைவதில்லை, அது இழப்புத்தான். ஆயினும் வீட்டை இழப்பதினும் சிறிய இழப்பு. ஓராண்டு வேலை பார்த்துக்கொண்டே அவள் ஜெர்மன் மொழியைக் கற்கட்டுமே.

"கல்விக் கட்டணம் இல்லை" என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். அரசுப் பல்கலைக் கழகங்களுக்குப் பெரும்பாலும் அது பொருந்தும். ஆனால் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மவர் போன்றோர்க்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக் கழகமும் 2024-இல் கட்டணம் விதிக்கத் தொடங்கியது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெற்றோர்க்கும் ஒரு சொல். நம் மேனிலைப் பள்ளித் தேர்ச்சி மட்டும் அங்கே நேரடியாகப் பட்ட வகுப்பில் சேரப் போதாது. இங்கே ஒரு கல்லூரியில் ஓராண்டேனும் பயின்றிருக்க வேண்டும்; அல்லது ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தேறியிருக்க வேண்டும். இல்லையேல் அங்கே ஆயத்தக் கல்லூரியில் படித்துத் தேற வேண்டும். இதை மறைத்து, பெருங்கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரியில் சேர்த்துவிடுவோர் இருக்கிறார்கள், எச்சரிக்கை தேவை.

தாள்களைப் பற்றிச் சில. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் ஏ.பி.எஸ். எனப்படும் சான்றிதழையும் பெற வேண்டும். மதிப்பெண் பட்டியல்கள் உண்மையானவையா என்று ஆய்ந்து தருவது அது. அதற்கே பல வாரங்கள் செல்லலாம். ஆதலால் இடம் கிடைத்தபின் தொடங்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

நம் வீடுகளில் இதைவிடப் பெருந்தொல்லை பெயரால் வருகிறது. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர். பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்துடன் இன்னொரு பெயர். கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக விரிந்து நிற்கும். 'ஆரோக்கிய மேரி' ஓரிடத்தில் ஒரே சொல்லாகவும் மற்றோரிடத்தில் இரு சொல்லாகவும் இருக்கும். நமக்கு இது வேடிக்கை. தமிழ்ப் பெயரின் வழக்கம் அறியாத அதிகாரிக்கு இருவேறு ஆட்கள். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே மதிப்பெண் பட்டியலில் உள்ள எழுத்துகளை முன்னால் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

ஏன் இப்படிப்பை, ஏன் அந்நாட்டில் படிக்க விரும்புகிறாள் என்னும் கடிதத்தை மகளே எழுத வேண்டும். முகவர் அலுவலகத்தில் ஒரே அச்சில் வார்த்தெடுக்கும் கடிதங்களை அதிகாரிகள் அறிவார்கள். விசா மறுக்கப்பட்டால், முன்பு அதே அலுவலகத்துக்கு முறையீட்டுக் கடிதம் எழுத வழியிருந்தது. 2025 ஜூலை முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. இனி பெர்லின் நீதிமன்றத்தை அணுக வேண்டும், அல்லது புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஆதலால் முதல் விண்ணப்பமே குறையின்றி இருத்தல் இன்றியமையாதது.

போய்ச் சேர்ந்தபின்னும் கடமை உண்டு. குடியேறிய இரண்டு வாரத்திற்குள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். விசா காலாவதியாகும் முன் அயல்நாட்டார் அலுவலகத்தில் தங்குரிமைச் சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல நகரங்களில் அங்கே நேரம் கிடைப்பதே கடினம். சென்ற வாரமே முயலத் தொடங்கட்டும். பல்கலைக் கழகம் உள்ள ஊர்களில் கத்தோலிக்க மாணவர் சபையும் பெரும்பாலும் உண்டு. ஞாயிறு திருப்பலிக்கு மட்டுமன்று. இடர்ப்பட்ட அயல்நாட்டு மாணவர்க்கு அவசர உதவி அளிப்போரும் அவற்றில் உண்டு. மகள் செல்லவிருக்கும் ஊரில் அது எங்கே இருக்கிறது என்று புறப்படும் முன்பே விசாரித்து, முகவரியைக் குறித்துக் கொடுத்தனுப்புங்கள்.