மாயக் கதைகளும் மனப் புண்களும்

பொய்யென்று தெரிந்த கதையைக் கண்டு ஒருவன் அஞ்சலாமா என்று கேட்போர் நம்மிடையே பலர் உளர். பூதமும் மந்திரவாளும் நிறைந்த மாயாஜால நவீனமொன்றைக் கையிலெடுக்குமுன், ‘இதில் குழந்தை சாகிறதா? ஊர் தீப்பற்றுகிறதா?’ என்று விசாரிக்கும் வாசகனைக் கோழையென்று நகைப்பாரும் உண்டு. அந்நகைப்பு நியாயமன்று என்பதே நமது அபிப்பிராயம்.

சாக்ஷி தேடி வெகுதூரம் போகவேண்டுவதில்லை. வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோவில் இருக்கிறது. அவளுடைய சரித்திரம் பெரிய எழுத்துப் புத்தகமாகத் தமிழ்நாடெங்கும் பரவியது. அதில் அற்புதங்களுக்குக் குறைவில்லை. அவளுடைய கற்பின் வலியால் எரியாத பச்சை விறகும் எரியும். ஆயினும் கேட்போர் நெஞ்சில் நிற்பது அவ்வற்புதமன்று, கிணறே. பஞ்சத்தால் பிறந்தகம் வந்து, அண்ணன் மனைவியால் அவமதிக்கப்பட்டவள், பசித்தழும் ஏழு குழந்தைகளையும் கிணற்றில் எறிகிறாள். மூத்த மகன் உயிருக்கு மன்றாடுகிறான். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியிடம், அல்லது அவ்வித எண்ணம் ஒருகால் எழுந்து அதினின்றும் மீண்டவளிடம், ‘இது வெறும் கதைதானே அம்மா’ என்று சொல்ல யாருக்கு நா எழும்?

இக்காலத்து மாயாஜால நவீனங்களும் இப்படியே. ஜார்ஜ் மார்ட்டின் 1996-ல் வெளியிட்ட நாவலில் சிறுவனொருவன் கோபுரத்தினின்றும் தள்ளப்படுகிறான். ஹாரி பாட்டர் வரிசையில் 1999-ல் வந்த மூன்றாம் நூலிலே மனிதரின் சந்தோஷத்தை உறிஞ்சும் கரிய உருவங்கள் வருகின்றன. தாம் அனுபவித்த மனச்சோர்வே அவற்றுக்கு மூலமென்று ஆசிரியை ரௌலிங் கூறியிருக்கிறார். உருவம் பொய், வேதனை மெய். நெருப்புமிழும் பறவைநாகம் வேறிடத்தில் வேடிக்கையாயிருக்கலாம். நமது ஜில்லாவிலோ 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்திலும் வெடிவிபத்து நேர்ந்து பலர் உயிரிழந்தனர். அக்குடும்பங்களில் வளரும் பிள்ளையின் கையில் ஊரெரியும் கதையைக் கொடுக்குமுன் சற்றே யோசிப்பது கோழைத்தனமா?

நிற்க. எதிர்க்கட்சியார் கூறும் ஆக்ஷேபத்தையும் கவனிப்போம். புத்தகத்தின் முகப்பில் எச்சரிக்கை இடுவதால் பயனில்லை என்பர். அதற்கு ஆதாரமும் உண்டு. பல ஆராய்ச்சிகளைத் திரட்டி 2023-ல் வெளிவந்த ஆய்வொன்று, எச்சரிக்கையால் படிக்கும்போது உண்டாகும் வேதனை குறைவதில்லை, படிக்குமுன் கலக்கம் சிறிது கூடவும் செய்கிறது என்று கண்டது. இதை நாம் மறுக்கவில்லை. மலைப்பாதையில் பள்ளமிருப்பதைக் காட்டும் கல், காலில் ஏற்கெனவே உள்ள புண்ணை ஆற்றாது. எந்த வழி போவதென்று தீர்மானிக்க உதவும். அவ்வளவே நாம் கேட்பது. அஞ்சியதை ஆயுள் முழுதும் விலக்கிவந்தால் அச்சம் வளருமேயன்றித் தேயாது என்று மன வைத்தியர் கூறுவதும் மெய்யே. ஆதலால் ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று சொல்லற்க. ‘இன்று வேண்டாம்’ என்பதே தகுந்த சொல்.

தேர்ந்தெடுக்கும் முறை யாது? முதலாவது, தன் புண்ணைத் தானே திட்டமாக அறிதல். ‘சோகக் கதை வேண்டாம்’ என்பது போதாது. கிணறா, தீயா, ஆஸ்பத்திரியா, அடியா என்று தெரியவேண்டும். இரண்டாவது, படித்தவரைக் கேட்டல். முடிவு தெரிந்தால் ரசம் கெடும் என்பது நம்மவர்க்குப் பொருந்தாது. பட்டாபிஷேகத்தில் முடியுமென்று அறிந்தே தலைமுறை தலைமுறையாக இராமகதை கேட்டவர்கள் நாம். துன்பம் வந்த வீட்டில் சுந்தரகாண்டத்தைத் தெரிந்தெடுத்துப் படிக்கும் வழக்கமும் நம்முடையதே. மூன்றாவது, நூலை மூடிவைக்கும் சுதந்திரம் தன் கையிலிருப்பதை மறவாமை. பகலில், துணையிருக்கும் வேளையில், சில பக்கங்களாகப் படிக்கலாம், தள்ளிவிட்டும் படிக்கலாம். வேதனை நாள்தோறும் தொடருமாயின் புத்தகத்தை விட்டு வைத்தியரிடம் செல்வதே முறை.

இதற்குச் சட்டம் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. சினிமாவுக்குத் தரச்சான்று உண்டு. இணையவழிப் படங்களுக்கு உள்ளடக்கக் குறிப்பு வேண்டுமென 2021-ம் வருஷத்து விதிகள் கூறுகின்றன. ஆனால் 1910-ம் வருஷத்து அச்சுச் சட்டத்தின் கொடுமையை அறிந்த தேசம், நூல்களின்மேல் அதிகாரிகளுக்குப் புதிய பிடி எதையும் கொடுக்கலாகாது. ஒரு நூலைத் தனக்கு இன்று வேண்டாமென்று வைக்கும் உரிமை வாசகனுடையது. பிறர்க்கும் வேண்டாமென்று தடுக்கும் உரிமை எவர்க்குமில்லை. பிரசுரகர்த்தர்கள் தாமாகவே கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதட்டும்; விரும்பாதவர் அதைப் பாராதிருக்கலாம். 1948-ம் வருஷத்துச் சட்டத்தின் பயனாய் ஏற்பட்ட கிளை நூலகங்களில், படித்தவர் தம் குறிப்பை எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். செலவு சொற்பம்.

பொது ஊழியத்தில் இறங்கியுள்ள நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தடியடியும் சிறைவாசமும் கண்டவர்களும் மனப் புண்ணுக்கு விலக்கல்லர். அவர்களுள் ஒருவர் வதைக்கூடம் வரும் அத்தியாயத்தில் புத்தகத்தை மூடினால், அவரைப் பரிகசியாமல் வேறொரு நல்ல நூலை எடுத்துக் கொடுங்கள்.