கை இருக்கிறதா அந்தக் கிருமிக்கு?

தி.நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளி சமயத்தில் நுழைந்திருக்கிறீர்களா, நண்பர்களே? கூட்டம் தள்ளுகிற தள்ளலில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியோ கடைக் கதவோ கிடைத்தவர்தான் நின்ற இடத்தில் நிற்பார். மற்றவர்கள் உஸ்மான் ரோட்டில் போய்த்தான் மூச்சு விட வேண்டும்! நம் குடலுக்குள்ளும் இதே கதைதான். சாப்பாடு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. சுவர் முழுக்க வழவழவென்று சளிப்படலம். அந்த வழுக்கலில் ஒரு பாக்டீரியா கொஞ்ச நாளாவது தங்க வேண்டுமென்றால் அதற்குக் கை வேண்டும். அதன் உடம்பின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்கள்தான் அந்தக் கை.

மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். போன வருடம் என் தங்கைக்கு வயிற்றுப்போக்கு. மயிலாப்பூரில் ஒரு மருந்துக் கடையில் உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டோடு சேர்த்து ஒரு சின்ன டப்பாவையும் கொடுத்தார்கள். "புரோபயாடிக்மா, நல்ல கிருமி, சீக்கிரம் கேக்கும்" என்றார் கடைக்காரர். வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு அது கிட்டத்தட்ட ஒரு நாள் சம்பளம். வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் டப்பாவை என்னிடம் நீட்டி, "என்னடா போட்டிருக்கு, படிச்சு சொல்லு" என்றார். கோடிக்கணக்கில் கிருமி இருப்பதாகப் போட்டிருந்தது. எந்தக் கிருமி என்பது மட்டும் பாதிதான் இருந்தது. அந்த மீதிப் பாதியைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நெல் என்று சொன்னால் போதுமா? பொன்னியா, ஐ.ஆர்.8-ஆ என்று ரகம் கேட்க மாட்டோமா? பாக்டீரியாவுக்கும் அப்படித்தான். 'லாக்டோபாசில்லஸ் ராம்னோசஸ்' என்பது இனத்தின் பெயர். அதில் 'ஜி.ஜி.' என்று ஒரு ரகம். 1983-இல் அமெரிக்காவில் கோர்பாக், கோல்டின் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஆரோக்கியமான ஒரு மனிதரின் குடலில் இருந்து பிரித்தெடுத்தது. அவர்கள் பெயர்களின் முதல் எழுத்துகள்தான் அந்த இரண்டு 'ஜி'. அதே இனத்தில் 'எல்.சி.705' என்று இன்னொரு ரகம், பால் பொருள் தயாரிப்பில் பயன்படுவது. 2009-இல் பின்லாந்து விஞ்ஞானிகள் இரண்டின் மரபணுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஜி.ஜி.யின் மேல் மயிர் போன்ற மெல்லிய இழைகள் இருந்தன. அந்த இழையில் உள்ள 'ஸ்பா-சி' என்ற புரதம்தான் குடல் சளியைக் கவ்விப் பிடிக்கிறது. எல்.சி.705-க்கு அந்த இழை இல்லை. இரண்டையும் ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஜி.ஜி.தான் அதிக நாள் தங்கியது. ஒரே இனம்தான், ஆனால் ஒன்றுக்குக் கை உண்டு, இன்னொன்றுக்கு இல்லை!

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இனிமேல்தான். குடல் இழுக்கிற இழுப்பில் அந்த இழை ஏன் அறுந்து போவதில்லை? 2016-இல் நம் நாட்டில், டெல்லிக்குப் பக்கத்தில் ஃபரிதாபாத்தில் உள்ள ரீஜனல் சென்டர் ஃபார் பயோடெக்னாலஜி ஆராய்ச்சியாளர்கள், பின்லாந்துக்காரர்களோடு சேர்ந்து இழையின் முதுகெலும்பான 'ஸ்பா-ஏ' புரதத்தின் வடிவத்தை எக்ஸ்ரே மூலம் கண்டு வெளியிட்டார்கள். புரதத்துக்குள்ளேயே குறுக்கே போட்ட ரசாயனப் பிணைப்புகள் இருக்கின்றன. ஒரு புரதத்தை அடுத்ததோடு சேர்ப்பதும் சும்மா ஒட்டுவது இல்லை; 'சார்டேஸ்' என்ற நொதி நிரந்தரப் பிணைப்பே போட்டுவிடுகிறது. நம்ம ஒர்க்‌ஷாப் பாஷையில் சொன்னால் நட்டு போல்ட்டு வேலை அல்ல, வெல்டிங்!

பிடித்துக்கொண்ட பிறகு என்ன? சும்மா தொங்கிக்கொண்டிருப்பதில்லை. இதே ஜி.ஜி. 'பி40', 'பி75' என்று இரண்டு புரதங்களை வெளியே விடுகிறது. அழற்சியால் சாகப் போகும் குடல் செல்களை அவை காப்பாற்றுவதை 2007-இல் அமெரிக்க ஆய்வகம் ஒன்று காட்டியது. அதாவது, கிருமி நம் செல்லோடு புரதம் என்ற பாஷையில் பேசுகிறது. செல்லும் பதில் சொல்கிறது. எண்ணிக்கையை மட்டும் கோடி கோடியாக அச்சடிப்பவர்கள் இதை ஏன் சொல்வதில்லை?

இவ்வளவும் சொன்னதால் ஜி.ஜி. வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கிளம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் வயிற்றுப்போக்கு வந்த 971 குழந்தைகளை வைத்து நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2018-இல் வெளிவந்தது. ஜி.ஜி. சாப்பிட்டவர்களுக்கும் வெறும் போலி மருந்து சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை! இத்தனை அழகான கை இருந்தும் அந்த வேலைக்கு அது உதவவில்லை. கொல்கத்தா குடிசைப் பகுதியில் வேறு இனம், 'கேசி'யில் 'ஷிரோட்டா' என்ற ரகம். 3,758 குழந்தைகளை வைத்து நடத்திய சோதனையில், 12 வாரம் தினமும் அதைக் குடித்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு 14 சதவீதம் குறைந்ததாக 2011-இல் வெளியிட்டார்கள். நோய் வந்த பிறகு அல்ல, வராமல் தடுக்கக் கொடுத்தது. ஒடிசா கிராமங்களில் நடந்ததுதான் பிரமாதம். குடல் செல்லில் ஒட்டும் திறனைச் சோதித்து, நூற்றுக்கணக்கான ரகங்களில் இருந்து பொறுக்கி எடுத்த ஒரு 'பிளாண்டாரம்' ரகத்தை, அதற்குத் தீனியாக ஒருவகைச் சர்க்கரையும் கலந்து, பிறந்த குழந்தைகளுக்கு ஏழு நாள் கொடுத்தார்கள். மொத்தம் 4,556 குழந்தைகள். ரத்தத்தில் கிருமி பரவுவதும் இறப்பும் சேர்ந்து 9 சதவீதத்தில் இருந்து 5.4 ஆகக் குறைந்தது. 2017-இல் 'நேச்சர்' இதழில் வந்தது இது. எந்த ரகம், எந்த நோய், எந்த வயது... மூன்றும் பொருந்தினால்தான் காசுக்குப் பலன்.

ஆகவேதான் லேபிளைப் பற்றி எனக்குக் கோபம். இனம், வகை, ரகம் மூன்றையும் அச்சிட வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டன. ஆனால் நம் ஊர் காப்ஸ்யூல்களில் 'லாக்டோபாசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ்' என்று நெடுங்காலமாகப் போட்டு வருகிறார்கள். அறிவியலில் செல்லாத பெயர் அது! உள்ளே இருப்பது பாசில்லஸ் கோயாகுலன்ஸ், வேறு குடும்பம். ஊரும் பேரும் தெரியாத ஆளை வீட்டுக்குள் விடுவோமா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "இதெல்லாம் எதுக்குப்பா, பழைய சோத்துல இல்லாததா?" என்பவர்கள். எனக்கும் பழைய சோறு பிடிக்கும், சின்ன வெங்காயத்தோடு. வீட்டுத் தயிர் பால் சர்க்கரை செரிக்க உதவும் என்பதும் நிரூபணமான விஷயம். ஆனால் உறை ஊற்றும் கிருமிகளில் பெரும்பாலானவை குடலில் தங்குவதில்லை, வழிப்போக்கர்கள். நம் பாட்டி சொன்னாள் என்பதற்காகக் கிருமிக்குக் கை முளைக்காது. நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பழைய சோற்றை முறைப்படி ஆராயக் கிளம்பினார்களே, அதுதான் பாட்டிக்குச் செய்யும் உண்மையான மரியாதை. மேடையில் பெருமை பேசுவது அல்ல.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் கடைகளில் 'புரோபயாடிக்' என்று எழுதியிருக்கும் டப்பா, பாக்கெட் எல்லாவற்றின் லேபிளையும் எழுதி எடுப்போம். நோட்டில் மூன்று கட்டம் போட்டால் போதும்: இனம், வகை, ரகம். மூன்றாவது கட்டம் காலியாக இருப்பவற்றின் பட்டியலை உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்புவோம். தமிழிலும் அச்சிடுங்கள், என் அம்மா போன்றவர்களும் எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும் என்று அதிலேயே ஒரு வரி சேர்ப்போம். வர விரும்புகிறவர்கள் மெக்கானிக்கல் வகுப்பில் பெயர் கொடுங்கள். செமஸ்டர் முடிந்த முதல் சனிக்கிழமை, கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளத்தில் இருந்து ஆரம்பிக்கலாம்.